ஒரு சுவரைத் துடைக்கச் சொன்னார்

கதவைத் திறந்ததும் மேஸ்திரிக்கு முதலில் வந்தது இருமல். அதற்கப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் சந்தோஷத்தினால் அல்ல. கண் எரிந்தது. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, இது தன் வீடுதானா என்று தலையை வெளியே நீட்டித் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தெரு அவருடைய தெருதான். வீடும் அவருடையதுதான். ஆனால் சுவரெல்லாம் இளமஞ்சள், கூரை பளிச்சென்று வெள்ளை, கதவும் ஜன்னலும் அலமாரியும் எண்ணெய் பெயிண்ட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல மின்னின.

நடுக்கூடத்தில் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் புது மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எப்படி இருக்கு மேஸ்திரி?" என்றான் மூக்கன். "அண்ணி மஞ்சள்தான் பிடிக்கும்னு என்னைக்கோ சொன்னாங்கல்ல. ஞாபகம் வச்சிருந்தேன்."

மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய மனைவி வெளியே வேனில் உட்கார்ந்திருந்தாள். முகமூடியும் கம்பளியுமாக, ஒரு சிறுமியளவுக்குச் சுருங்கிப்போய், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளை எந்த வீட்டுக்குள் கூட்டி வருவது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி என்றால் பெயிண்டிங் மேஸ்திரி. பாதி ஆயுளை ஏணியிலும் சாரத்திலும் கழித்தவர். பிள்ளை குட்டி கிடையாது, அவருக்கு அவள், அவளுக்கு அவர். காய்ச்சல் என்று போன இடத்தில் அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று சொல்லிவிட்டார்கள். அன்று போனவர்கள்தான், இன்றைக்குத்தான் திரும்பி வருகிறார்கள். நடுவில் மருந்து ஏற ஏற முடி போயிற்று, சாப்பாடு போயிற்று, கடைசியில் நுரையீரலும் கெட்டு மூச்சுக்குக் குழாய் வைக்கும்படி ஆயிற்று. பிழைத்ததே பெரிய பாடு.

அந்த நாட்களில் இந்த மூன்று பேரும் செய்ததைச் சும்மா சொல்லக்கூடாது, கூடப்பிறந்தவர்கள் செய்ய மாட்டார்கள். ரத்தம் வேண்டும் என்று கேட்டவுடன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள். முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மேஸ்திரி ஒத்துக்கொண்டிருந்த வேலைகளை எல்லாம் தாங்களே முடித்துக்கொடுத்து, வீட்டுக்காரர்கள் கேட்டால், "மேஸ்திரி இப்பத்தான் பக்கத்து வேலைக்குப் போனார்" என்று கூசாமல் பொய் சொன்னார்கள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்கள். வினையே அதில்தான் வந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் கேட்டிருந்தார், வீட்டில் ஈரச் சுவர் உண்டா என்று. படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் ஒரு சுவர் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் அவளை அங்கே படுக்க வைக்கக்கூடாது, தூசி, புகை, நெடி எதுவும் ஆகாது, அந்த நுரையீரல் இன்னொரு அடி தாங்காது என்றார் டாக்டர். மேஸ்திரி வராந்தாவுக்கு வந்து மூக்கனுக்குப் போன் போட்டார். "படுக்கையறைச் சுவத்துல பூஞ்சை இருக்குல்ல, அதைத் துடைச்சு வைடா. வீடு சுத்தமா இருக்கணுமாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெயிண்டரிடம் சுத்தம் என்று சொன்னால் அவனுக்கு என்ன தெரியும், பாவம்? சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்தால்தான் அவன் அகராதியில் சுத்தம். ஒரு சுவருக்கு அடித்தால் மற்ற சுவர் அழுக்காகத் தெரியும். சுவரெல்லாம் அடித்தால் கதவு சும்மா இருக்குமா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"நெடி அடிக்குதேடா," என்றார் மேஸ்திரி.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நிஜமாகவே, ஆளுக்கொரு சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்கள். ஏணி என்கிற நெட்டையன் அண்ணாந்து கூரையையும் மோந்தான். உப்புத்தாள் என்று பெயரெடுத்த கரகரப்புக் குரல்காரன் கதவைக் கிட்டத்தட்ட முத்தமிட்டான்.

"ஒரு வாசமும் இல்லையே மேஸ்திரி," என்றான் மூக்கன். பெயருக்கேற்ற மூக்கு அவனுக்கு, பாதி முகம் அதுதான். "காஞ்சு போச்சு. நான் மோந்து பாத்துட்டுத்தான் உங்களை வரச் சொன்னேன்."

அவன் பொய் சொல்லவில்லை. மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது அதனால்தான். போன வருஷம் இதே வீட்டில் நின்றிருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, உங்க மனப்பிரமை" என்று சிரித்திருக்கிறார். பெயிண்ட்டே இல்லாத ஆஸ்பத்திரியில் இத்தனை காலம் கிடந்ததில் அவருடைய மூக்கு அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. கிடைத்த மூக்கு முதன்முதலாக மோந்தது இதைத்தான்.

கூடவே இன்னொன்றும் வந்து நெஞ்சில் இடித்தது. இந்த நெடியைச் சட்டையிலும் தலையிலும் சுமந்துகொண்டு அவர் தினமும் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள். அந்தத் தோளில் தலை வைத்துத் தூங்கியவள் அவள். எப்போதாவது, "சட்டையை வெளியிலேயே கழட்டிப் போட்டா என்ன" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கு மட்டும் எங்கிருந்துதான் வருதோ வாசம்" என்று இவர் கேலி செய்திருக்கிறார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது. கதவை இழுத்துச் சாத்தினார். கையில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. காய்ந்துகூடப் போகவில்லை.

வேனுக்குப் போவதற்குள் அவளுக்கே விஷயம் எட்டிவிட்டது. காற்று இந்தப் பக்கமாக வீசியது. முகமூடிக்குள் இருந்து ஒரு சின்ன இருமல், அதைத் தொடர்ந்து இன்னொன்று. வேன்காரர் பக்கத்து வீட்டுக்காரர்தான், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், இவர்களை அழைத்துவர அன்றைக்கு லீவு போட்டிருந்தார். சட்டென்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டியைத் தெருவின் மறுகோடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மேஸ்திரி பின்னாலேயே ஓடிப்போய் வேன் கதவோரம் நின்றார்.

"பெயிண்ட் அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ம்."

"என்ன கலரு?"

"மஞ்சள்."

"நல்லா இருக்கா?"

மேஸ்திரி பெயிண்ட் ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் ஒன்றும் திட்டவில்லை, அழவில்லை. "படுத்துக்கணும் போல இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அது அவரை அறைந்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்தாகிவிட்டது, எங்கேயும் இடம் இல்லை, இங்கே வராந்தாவில் உட்கார வைத்தால் வேறு நோய் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான அறையாகப் பாருங்கள் என்றாள் நர்ஸ். அவள் சொன்னதிலும் தப்பு இல்லை.

அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. மூக்கனுக்கும் மற்ற இருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. என்ன செய்துவிட்டோம் என்று இப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. மூக்கன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். "அண்ணி எங்க வீட்டுக்கு வரட்டும்," என்றான். அவன் வீட்டில்தான் டின்கள் எல்லாம் அடுக்கியிருந்தன.

சும்மா நின்று வேடிக்கை பார்க்கும் தெரு அல்ல அது. தையல்கார அம்மா தன் அறையைத் தருகிறேன் என்றாள். அவள் வீட்டில் மூச்சு விட்டாலே துணித்தூசி பறக்கும், அவளே சொல்லி நிறுத்திக்கொண்டாள். மாடி வீட்டு வாத்தியார் முன்வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பையன் பலமாகத் தும்மினான், தெருவே அவனைத் திரும்பி முறைத்தது. மளிகைக்கடைக்காரர் கடைக்கு மேலே அறை காலி என்றார். மிளகாய் மூட்டைக்கு மேலே கொண்டுபோய் நுரையீரல் நோயாளியைப் படுக்க வைக்கச் சொல்கிறாரே என்று தையல்கார அம்மா தலையில் கை வைத்தாள். எல்லோருக்கும் மனசு இருந்தது. ஒருவர் வீட்டிலும் அவள் மூச்சு விட முடியாது. மேஸ்திரி நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். இத்தனை வீடு இருந்தும் அவளைப் படுக்க வைக்க ஓர் இடம் இல்லை என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

அப்போதுதான் வேன் நின்றிருந்த இடத்துக்கு எதிரே ஒரு கதவு திறந்தது. தெருவில் பேச்சு நின்றது.

திறந்தவள் வெந்நீர் அக்கா. அந்தக் கதவை ஓர் ஆள் நுழையும்படி அவள் திறந்து யாரும் பார்த்ததில்லை. அடுப்பில் எப்போதும் ஓர் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். டம்ளர், கரண்டி, சாவி, செருப்பு, எதுவானாலும் வெந்நீர் ஸ்நானம். வாழைப்பழத்தைக்கூடக் குளிப்பாட்டித்தான் உரிப்பாள் என்று தெருவில் பேச்சு. யார் வீட்டுக்கும் போக மாட்டாள், யாரையும் உள்ளே விடமாட்டாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, நம் மேஸ்திரிதான். பல வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று அவர் வலியப் போய்க் கேட்டிருக்கிறார். "நீ உள்ள வராதேப்பா, உன் மேல நாத்தம்," என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ஆட்களின் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டாளே என்று அவருக்குத் தாங்கவில்லை. பெயரை வைத்தார், தெரு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அவள் நேரே வேனருகே வந்தாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்தாள் போலிருக்கிறது, வெகுநேரம் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் படுத்திருந்த ரூம் இருக்கு," என்றாள் யாரையும் பார்க்காமல். "வெறும் சுண்ணாம்புச் சுவரு. அவர் போன பிறகு யாரும் படுக்கல. ஆனா தினம் துடைக்கறேன்."

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பெயிண்ட் வேலை கேட்டுப் போன அன்றைக்கு அந்த வீட்டுக்குள் ஒரு மனுஷன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். அது அவருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அதையும் இதையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நாத்தம் என்றாளே, அது வசவு இல்லை. உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷம் எதற்குக் கோபித்துக்கொண்டோம் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா," என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசு. வேனை வாசலோட ஒட்டி நிறுத்தச் சொல்லு. அவ மட்டும் வரட்டும். வேற யாரும் வேண்டாம். நீயும் வேண்டாம்."

"நான் புருஷன்க்கா."

"புருஷனாவே இரு. வெளிய இரு. அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்கே, இங்க வரைக்கும் அடிக்குது."

அவளே கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது. தன் மனைவி அடுத்தவர் வீட்டுக்குள் போக, தான் தெருவில் நிற்பதை மேஸ்திரி பேயறைந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பிழைத்துக்கொண்டாள் என்ற நினைப்பே அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் அங்கேயே சாக்கடைத் திண்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மூக்கன் பக்கத்தில் வந்து நின்றான், தொடத் தைரியம் இல்லை.

"அடிச்ச பெயிண்ட்டைத் திரும்ப எடுக்க முடியாது மேஸ்திரி," என்றான் மெதுவாக. "ஆனா கதவைக் கழட்டலாம்."

பெயிண்டர் மூளை பெயிண்டர் வழியில்தான் போகும். நெடியில் பாதி கதவிலும் ஜன்னலிலும்தான். மூன்று பேரும் கீலைக் கழற்றிக் கதவுகளையும் ஜன்னல் பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து, ஊர்க்கோடியில் இருக்கும் மரக்கடைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். வாத்தியார் ஒரு பக்கம் பிடித்தார். தும்மிய பையனுடைய பாவத்தைக் கழுவுகிறேன் என்றார். வேன்காரர் காற்றாடி கொண்டுவந்து வைத்தார். வீடு பல் போன கிழவர் மாதிரி எல்லா வாயையும் திறந்துகொண்டு நின்றது. கதவில்லாத வீட்டில் திருடன் புகுந்தால் என்று மளிகைக்கடைக்காரர் கவலைப்பட, "நெடி போற வரைக்கும் நாங்க முறை வச்சு வாசல்லயே படுத்துக்கறோம்," என்றான் உப்புத்தாள். "எங்களுக்குத்தான் வாசமே வராதே." யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி வேன்காரர் வீட்டில் குளித்துவிட்டு வெந்நீர் அக்கா வாசலுக்கு வந்தார். அவள் கதவை விரற்கடை திறந்து மோந்து பார்த்துவிட்டு, "தலைக்கு இன்னொரு தரம்" என்று சாத்திக்கொண்டாள். மறுபடி போய்க் குளித்துவிட்டு வந்தார். சட்டையில் அடிக்கிறது என்றாள். வீட்டில் இருந்த துணி எல்லாவற்றிலும் அடித்தது. கடைசியில் அவளே உள்ளே போய், மடித்த சட்டையும் வேட்டியும் கொண்டுவந்து நீட்டினாள்.

"அவரோடது. போட்டுக்கோ."

மேஸ்திரி தயங்கினார்.

"பயப்படாதே. எத்தனையோ தடவை வெந்நீர்ல போட்டு எடுத்தது," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அவர் வாசம்கூட அதுல இல்ல," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதைப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் மேஸ்திரியை உள்ளே விட்டாள். அறை சின்னது. வெள்ளைச் சுவர், இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். வாசமே இல்லாத அறை. மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள், மூச்சு சீராக இருந்தது. அவர் பூனை மாதிரி போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"யாரு?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"நான்தான்."

கையை நீட்டினாள். அவருடைய கையைத் தேடிப் பிடித்து, விரல் விரலாகத் தடவி, நகத்தோரத்துக்கு வந்து நின்றாள். எந்தச் சோப்புக்கும் போகாத பெயிண்ட் அங்கே வருஷக்கணக்காக உறைந்து போய்ச் சொரசொரவென்று இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இப்படித்தான், திடீர் திடீரென்று கையைப் பிடித்து நகத்தைத் தடவுவாள். பயத்தில் பிடித்துக்கொள்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அவரால் அடக்க முடியவில்லை. "அந்தப் பெயிண்ட் நெடியாலதான் உனக்கு இது வந்திருக்குமா?" என்று கேட்டேவிட்டார்.

"டாக்டர்கிட்ட நானே கேட்டேன். ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னுட்டார். டாக்டருக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"எனக்கு இன்னைக்குத்தான் அந்த வாசமே தெரிஞ்சுது. எப்படிப் பொறுத்துக்கிட்டே இவ்வளவு நாளும்?"

"பொறுத்துக்கிட்டேனா," என்றாள் அவள். பேசப் பேச மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தலைவலி வரும். ஆனா நீங்க தெருமுனை திரும்பும்போதே வாசம் முன்னால வந்துடும். சாரத்துல இருந்து விழாம வந்துட்டாருன்னு அடுப்பைப் பத்த வைப்பேன். ஆஸ்பத்திரியில அது இல்லாமப் போச்சு. கண்ணை மூடினா, பக்கத்துல இருக்கறது நீங்களா வேற யாராவதான்னு தெரியாது. அதான் நகத்தைத் தடவிப் பாத்துக்குவேன்."

மேஸ்திரி அந்தக் கையை அப்படியே அவளிடம் விட்டுவிட்டு, மறுகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெந்நீர் அக்கா அறை வாசலில் வந்து நின்றாள், கையில் ஆவி பறக்கும் ஒரு கிண்ணமும் சின்னக் கத்தியும். "நகத்தைப் பாக்காம விட்டுட்டேன்," என்றாள். "அங்க இன்னும் பெயிண்ட் இருக்கு. இந்தத் தண்ணியில ஊற வச்சுச் சுரண்டிடு. அப்பத்தான் இந்த ரூமுக்குள்ள இருக்கலாம்."

மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி கையை விடவில்லை.

"அது வேண்டாம் அக்கா," என்றாள். "அதுல வாசம் ஒண்ணும் வராது. அது மட்டும் இருக்கட்டும்."

வெந்நீர் அக்கா அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு மேஸ்திரி போட்டிருந்த சட்டையைப் பார்த்தாள். கிண்ணத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீரைக் கீழே ஊற்றும் சத்தம் கேட்டது.